மைட்டர் சாவுக்கு எந்த ஸ்டாண்டு? வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

தச்சு வேலையும் இன்டீரியர் வேலையும் பட்டறையை விட்டு வேலை நடக்கும் இடத்துக்கே போய்விட்டன. மரத்தைக் குறுக்காகவும் கோணமாகவும் அறுக்கும் மைட்டர் சா மெஷினும் கூடவே போகிறது. அதை எதன் மேல் வைப்பது என்பதில்தான் குழப்பம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

தச்சர், காவேரிப்பட்டணம்

கேள்வி: 10 இஞ்ச் மைட்டர் சா வைத்திருக்கிறேன், ஸ்லைடிங் (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் வசதி) இல்லாதது. இதுவரை தரையில் வைத்தோ, இரண்டு டிரம் மேல் பலகை போட்டோ அறுக்கிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் வீட்டு வேலைகள். நிலை, ஜன்னல் சட்டம், பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டி) எல்லாம் உண்டு. ஸ்டாண்டு வாங்கலாம் என்றால் கடையில் ஏதேதோ காட்டுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்காரர் முதலில் உங்கள் மெஷினின் எடையைக் கேட்பார். நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது, அறுக்கப்போகும் மரத்தின் நீளத்தையும் எடையையும். உங்கள் ரக மெஷின் இலகுவானது. உதாரணமாக மக்கிட்டா எல்எஸ்1040 சுமார் 11 கிலோதான். அந்த எடையை எந்த ஸ்டாண்டும் தாங்கும். நீளமான மரத்தை மேலே வைக்கும்போது சாயாமல் நிற்குமா என்பதில்தான் ஸ்டாண்டுகளுக்குள் வித்தியாசம் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளம், 4 இஞ்சுக்கு இரண்டரை இஞ்ச் தேக்குச் சட்டம் 0.83 கன அடி வரும்; எடை சுமார் 15 கிலோ. அதன் ஒரு முனையைச் சதுரமாக்க அரை இஞ்ச் மட்டும் சீவ வேண்டும். முனை பிளேடுக்குக் கீழே இருக்கும், மீதி 12 அடியும் ஒரே பக்கம் நீண்டு நிற்கும். மரத்தின் எடை மையம் பிளேடிலிருந்து 72 இஞ்ச் தள்ளி விழும். ஸ்டாண்டின் கால்கள் நடுவிலிருந்து பக்கத்துக்கு 20 இஞ்ச் விரிந்திருந்தால், அந்த எடை காலைத் தாண்டி 52 இஞ்ச் வெளியே இழுக்கிறது. 15-ஐ 52-ஆல் பெருக்க 780. எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துவது மெஷின் 11 கிலோவும் ஸ்டாண்டு 15 கிலோவும்தான்: 26-ஐ 20-ஆல் பெருக்க 520. ஸ்டாண்டு மெஷினோடு சேர்ந்து சாயும். சால், கோங்கு போன்ற கனமான மரமானால் இன்னும் சீக்கிரம் சாயும்.

“இந்த ஸ்டாண்டில் பக்கவாட்டுக் கை இழுத்தால் நீளுமே” என்று கடையில் சொல்வார்கள். கை நீள்கிறது, கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீட்டிய கையின் நுனியில் மரம் உட்கார்ந்தால் சாய்க்கும் விசை குறையாது. டப்பாவின் மேல் 150 கிலோ, 200 கிலோ என்று அச்சிட்டிருப்பது நடுவில் சமமாக ஏற்றும் எடைக்கு; கையின் நுனிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஆகவே உங்களுக்கு எங்கள் யோசனை: மெஷினுக்கு ஒரு மடக்குக் கால் ஸ்டாண்டு, அதோடு தனியாக நிற்கும் துணை ஸ்டாண்டு ஒன்று. துணை ஸ்டாண்டு மரத்தின் தூர முனையைத் தாங்கினால் பாதி எடை, ஏழரை கிலோ, அதன் மேல் போய்விடும். மீதிப் பாதி மெஷின் மேடையில், கால்களுக்கு உள்ளேயே இறங்கும். சாய்வதற்கு வழியே இல்லை. துணை ஸ்டாண்டை நீங்களே வேலையில் மிச்சமான ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டத்தில்) அடித்துக்கொள்ளலாம். அதன் மேல்மட்டம் உங்கள் மெஷின் மேடையின் மட்டத்துக்கு வர வேண்டும், அது ஒன்றுதான் விதி.

இனி ரகங்கள். மடக்குக் கால் ஸ்டாண்டில் நடுவில் ஒரு தண்டு, நான்கு மடக்குக் கால், இரு பக்கம் இழுக்கும் கை இருக்கும். டிவால்ட் டிடபிள்யூஎக்ஸ்723 இந்த ரகத்துக்கு நல்ல உதாரணம்: அலுமினியத் தண்டு, எடை சுமார் 16 கிலோ, தாங்கும் எடை 227 கிலோ. பைக்கில் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் கொண்டுபோகலாம். அடுத்தது சக்கரம் வைத்தது. மெஷினைக் கழற்றாமலே மடக்கி உருட்டலாம், ஆனால் கனம் அதிகம். மூன்றாவது, மேஜை போன்ற மலிவான தகரக் கால் ஸ்டாண்டு. பட்டறையில் ஒரே இடத்தில் நிற்பதற்கு அது போதும். தினமும் ஏற்றி இறக்கினால் சில மாதங்களில் ரிவிட் துளைகள் அகன்று ஆடத் தொடங்கிவிடும். உங்கள் வேலைக்கு முதல் ரகமே பொருத்தம்.

வாங்கப் போகும்போது உங்கள் மெஷின் அடித்தளத்தில் உள்ள நான்கு போல்ட் துளைகளின் இடைவெளியை, நீளவாக்கிலும் அகலவாக்கிலும், எழுதி எடுத்துப் போங்கள். மெஷினை ஸ்டாண்டில் பூட்டும் பிராக்கெட், ‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தாலும், சில மெஷின்களுக்கு முன்பக்கத் துளையை எட்டாது. அப்படியானால் 18 மி.மீ. வாட்டர்புரூஃப் பிளைவுட் ஒன்றில் மெஷினைப் பூட்டி, அந்தப் பிளைவுட்டைப் பிராக்கெட்டில் பூட்டலாம். இரண்டு போல்ட்டில் மட்டும் பூட்டி வேலை செய்யாதீர்கள். பிளேடும் மோட்டாரும் உள்ள தலையை விடும்போது ஸ்பிரிங் மேலே தூக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் மெஷின் அசைந்தால் அறுப்பும் அசையும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், பர்கூர்

கேள்வி: மாணவர்களுக்குச் சொல்ல ஒரு சரியான உயரம் உண்டா?

பதில்: நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்தில் மெஷினின் மேடை வர வேண்டும். நம் ஊர் ஆட்களுக்கு 33 முதல் 36 இஞ்ச். கவனிக்க வேண்டியது, இது மரம் உட்காரும் மேடையின் உயரம். மெஷினின் அடித்தளமே 3, 4 இஞ்ச் உயரம் இருப்பதால் ஸ்டாண்டு 30 இஞ்ச் இருந்தால் போதும். ஸ்டாண்டையே 36 இஞ்சுக்குச் செய்துவிட்டால் தோளைத் தூக்கி அழுத்த நேரும். மாலைக்குள் தோள் வலிக்கும், அழுத்தமும் நேராக இறங்காது.

இன்டீரியர் ஒப்பந்ததாரர், ஓசூர்

கேள்வி: 12 இஞ்ச் ஸ்லைடிங் மெஷின். அடுக்குமாடி வீடுகளில் மாடுலர் கிச்சன், அலமாரி, சீலிங் வேலை. இரண்டு பேர் தூக்கினாலும் சிரமமாக இருக்கிறது. சக்கர ஸ்டாண்டு வாங்கலாமா? மடக்கும்போது விரல் மாட்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: உங்களுக்குச் சக்கர ஸ்டாண்டே சரி. 12 இஞ்ச் ஸ்லைடிங் மெஷின்கள் 25 கிலோவிலிருந்து 32 கிலோ வரை இருக்கின்றன. அதைத் தினமும் கழற்றிப் பூட்டுவதில் இடுப்பும் போகும், கோண அளவும் தளரும். லிஃப்ட் உள்ள கட்டடத்தில், பேஸ்மென்ட்டிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரே ஆள் உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் லிஃப்ட் இன்னும் ஓடத் தொடங்காத புதுக் கட்டடங்கள் ஓசூரில் நிறைய. சக்கர ஸ்டாண்டு மட்டுமே 30 கிலோவைத் தாண்டும். மெஷினோடு 60 கிலோவுக்கு மேல் படியேற்ற வேண்டி வந்தால், அன்று மட்டும் மெஷினைக் கழற்றி இரண்டு நடையாக ஏற்றுங்கள். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் லிஃப்ட் இல்லாத இடம் என்றால் மடக்குக் கால் ஸ்டாண்டும், மெஷினைப் பிளைவுட் தட்டோடு கழற்றிப் பூட்டும் ஏற்பாடுமே மேல்.

சக்கரத்தின் விட்டம் 8 இஞ்ச் இருக்கட்டும். 4 இஞ்ச் சக்கரம் டைல்ஸ் தரையில் ஓடும்; ஜல்லி கொட்டிய வாசலில் முதல் கல்லிலேயே நிற்கும்.

விரல் மாட்டுவது உண்மைதான். அது நேர்வது பெரும்பாலும் மெஷின் ஸ்டாண்டில் சரியான இடத்தில் பூட்டப்படாததால். இந்த ரக ஸ்டாண்டுகள் மெஷினின் எடையையே எதிர் எடையாக வைத்து எழுவதும் படுப்பதுமாக அமைந்தவை. மெஷின் ஒரு பக்கம் தள்ளிப் பூட்டியிருந்தால் பெடலை விடுவித்ததும் ஸ்டாண்டு திடீரென்று விழும், அல்லது தூக்கவே முடியாமல் கனக்கும். மெஷினைத் தண்டின் மேல் ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் நகர்த்தி, ஒரு கையால் நிதானமாக எழும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே பெயிண்ட்டால் குறி போட்டுவிடுங்கள்.

மடக்கும் வரிசையைப் பையன்களுக்குப் பழக்கிவிடுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். தலையைக் கீழே அழுத்திப் பின்னைப் போட வேண்டும். பிறகு ஸ்லைடு பூட்டு. பிளேடைச் சாய்க்கும் பெவல் கோணத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்கி, மைட்டர் கோணத்தையும் இறுக்க வேண்டும். ஸ்டாண்டின் இரண்டு கைகளையும் உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலால் பெடல். இதில் ஸ்லைடு பூட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஸ்டாண்டு பாதி சாயும்போது தலை தானாக ஓடிவந்து மோதும்; எடையும் அந்த நொடியில் இடம் மாறும்.

இன்னொன்று, பின்பக்க இடம். பெரும்பாலான ஸ்லைடிங் மெஷின்களின் தண்டுகள் பின்னால் நீளும். சுவரை ஒட்டி ஸ்டாண்டைப் போட்டுவிட்டால், அகலப் பலகையை அறுக்கும்போது தண்டு சுவரில் முட்டி அறுப்பு பாதியில் நிற்கும். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் பள்ளமும் விழும். தலையைப் பின்னால் முழுதாகத் தள்ளிவிட்டு, அதற்கும் அரை அடி மிச்சம் வைத்து ஸ்டாண்டை நிறுத்துங்கள்.

வெல்டிங் பட்டறை உரிமையாளர், பாலக்கோடு

கேள்வி: தச்சர்கள் என்னிடம் வந்து ஸ்டாண்டு செய்து தரச் சொல்கிறார்கள். இரண்டு செய்தேன், கனமாக வந்துவிட்டது, கையை இழுத்தால் தொங்குகிறது. அளவோடு சொல்ல முடியுமா?

பதில்: தாராளமாக. உள்ளூரில் செய்யும் ஸ்டாண்டு கடை ஸ்டாண்டுக்குக் குறைந்ததே இல்லை. ஒரு கால் வளைந்தால் அன்றைக்கே மாற்றலாம். வாங்கியதில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு உடைந்தால் உதிரிக்குக் காத்திருக்க வேண்டும்.

10 இஞ்ச் மெஷினுக்கான அளவு இது. மேல் தண்டு இரண்டு: ஒன்றரை இஞ்ச் (38 மி.மீ.) ஸ்கொயர் டியூப், 16 கேஜ், ஒவ்வொன்றும் 4 அடி. இரண்டுக்கும் நடுவே அதே டியூபில் 10 இஞ்ச் குறுக்குத் துண்டு மூன்று. இழுக்கும் கை இரண்டு: ஒன்றேகால் இஞ்ச் (32 மி.மீ.) டியூப், 16 கேஜ், 45 இஞ்ச் நீளம். முன் தண்டுக்குள் இடது கை, பின் தண்டுக்குள் வலது கை போக வேண்டும். இரண்டு கையையும் ஒரே தண்டுக்குள் விட்டால் ஒவ்வொன்றுக்கும் 2 அடிக்கு மேல் இடம் கிடைக்காது. தனித்தனியாக விட்டால் ஒவ்வொரு கைக்கும் முழு 4 அடி கிடைக்கும். கால்களுக்கு 1 இஞ்ச் டியூப், 16 கேஜ், 30 இஞ்ச் வீதம் நான்கு. கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் அதே டியூப். மொத்தத்தில் 38 மி.மீ. டியூப் 11 அடி, 32 மி.மீ. டியூப் எட்டரை அடி, 25 மி.மீ. டியூப் ஒரு முழு 20 அடி நீளம். போல்ட், பட்டை எல்லாம் சேர்த்து எடை 18 கிலோ அளவில் நிற்கும். உங்களுடையது கனத்ததற்கு 14 கேஜ் டியூபோ ஆங்கிளோ போட்டது காரணமாக இருக்கலாம். இந்த வேலைக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ., போதும். 18 கேஜுக்கு இறங்க வேண்டாம். வெல்டிங்கில் ஓட்டை விழும், கீல் துளையும் சீக்கிரம் அகலும்.

இப்போது கை தொங்கும் விஷயம். 38 மி.மீ. டியூபின் உள்ளளவு 34.8 மி.மீ.; உள்ளே போவது 32. ஆக 2.8 மி.மீ. ஆட்டம், ஏறக்குறைய ஒரு நூல் (எட்டில் ஒரு இஞ்ச்). கையை 37 இஞ்ச் வெளியே இழுத்து 8 இஞ்ச் மட்டும் உள்ளே இருந்தால், அந்த ஒரு நூல் ஆட்டம் நுனியில் 13 மி.மீ. தொங்கலாகிறது: அரை இஞ்ச். அதே கையை 28 இஞ்ச் மட்டும் இழுத்து 17 இஞ்ச் உள்ளே வைத்தால் தொங்கல் நாலரை மி.மீ.தான். எனவே 28 இஞ்சுக்கு மேல் கை வெளியே வராதபடி உள்ளே ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள். நடுவிலிருந்து பக்கத்துக்கு 52 இஞ்ச் தாங்கல் கிடைக்கும். 8 அடி பீடிங்குக்கு அது தாராளம்.

மீதித் தொங்கலையும் எடுக்க வழி இருக்கிறது. இறுக்கும் போல்ட்டைத் தண்டின் பக்கவாட்டில் வைக்காமல், வாய்ப்பகுதியில், விளிம்பிலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே, அடியிலிருந்து மேல்நோக்கி வையுங்கள். கை தொங்கும்போது உள்முனை மேலே முட்டும், வாய்ப்பகுதியில் கீழே உட்காரும். வாயில் அடியிலிருந்து தூக்கினால் கை முழுவதும் தண்டின் மேல் தகட்டோடு ஒட்டி நேராகிவிடும். எம்10 நட்டைத் தண்டின் அடியில் வெல்ட் செய்து, 11 மி.மீ. துளை போட்டு, போல்ட் தலையில் ஒரு சிறு கம்பியைக் கைப்பிடியாக வெல்ட் செய்யுங்கள். போல்ட் முனை டியூபில் பள்ளம் போடாமல் இருக்க நடுவில் 3 மி.மீ. பட்டைத் துண்டு ஒன்று வேண்டும். டியூபின் உட்புறம் ஓடும் தையல் வெல்டை வாங்கும்போதே பாருங்கள். அது புடைத்திருந்தால் கை பாதியில் சிக்கும். தையல் பக்கத்தைக் கீழே வைத்து, வாய்ப்பகுதியில் ராவி விடுங்கள்.

கையின் நுனியில் நிற்கும் தாங்கிக்கு 32 மி.மீ. டியூபில் 4 இஞ்ச் உறையை நிமிர்த்தி வெல்ட் செய்து, அதற்குள் 25 மி.மீ. டியூபை ஏற்றி இறக்கும்படி விடுங்கள். தலையில் 12 இஞ்ச் குறுக்குத் துண்டு. எம்8 போல்ட் ஒன்று இறுக்க. ஒவ்வொரு தச்சரின் மெஷின் மேடையும் வேறு வேறு உயரம், ஆகவே தாங்கியை நிலையாக வெல்ட் செய்துவிடக் கூடாது.

கால்களை இரண்டு சட்டங்களாக உள்நோக்கி மடக்க வேண்டும். 4 அடித் தண்டுக்குள் இரண்டு 30 இஞ்ச் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு சட்டத்தை மற்றதைவிட 3 இஞ்ச் குறுகலாகச் செய்தால் ஒன்றுக்குள் ஒன்று படுத்துக்கொள்ளும். விரித்து நிறுத்தும்போது கால்கள் தண்டின் முனையைவிட 4 இஞ்ச் வெளியே சாய்ந்து நிற்கட்டும். முன்பின்னாகத் தரையில் அகலமான சட்டம் 22 இஞ்ச், குறுகலானது 19 இஞ்ச். ஸ்லைடிங் மெஷினுக்கு இதைச் செய்வதானால் 26, 23 ஆக்குங்கள், தலை முன்னே வரும்போது எடையும் முன்னே வரும். கீலுக்கு எம்10 போல்ட், இரு பக்கமும் வாஷர், நைலான் நட். சாதாரண நட் அதிர்வில் கழன்றுவிடும். கால் உள்ளே மடங்காமல் நிறுத்த 25க்கு 5 மி.மீ. பட்டையில் மடங்கும் தாங்கு போடுங்கள். சங்கிலி வேண்டாம், சங்கிலி ஒரு பக்கம்தான் தடுக்கும்.

பெயிண்ட்டை வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். உள்ளே போகும் கைக்கு மெழுகு தேய்த்தால் போதும். கிரீஸ், ஆயில் போட்டால் மரத்தூள் ஒட்டிக் கெட்டியாகி, பிறகு சுத்தியலால் தட்டித்தான் கையை எடுக்க வேண்டியிருக்கும்.

தச்சர், அரூர்

கேள்வி: ரோலர் வைத்த ஸ்டாண்டு வாங்கினேன். அதற்குப் பிறகு கதவுச் சட்ட பீடிங்கில் 45 டிகிரி மூலை சேரும் இடத்தில் இடைவெளி விழுகிறது. மெஷினில் கோணம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஒரு அடித் துண்டுகள் நான்கை அறுத்துச் சேர்த்துப் பாருங்கள். அவை சரியாகச் சேர்ந்து, நீளத் துண்டுகள் மட்டும் சேரவில்லை என்றால் குற்றம் ஸ்டாண்டில்தான்.

தாங்கியின் உயரம் முதல் சந்தேகம். மெஷினிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் தாங்கி 10 மி.மீ. உயர்ந்திருந்தால், 100 மி.மீ. உயரத்துக்கு நிறுத்தி அறுக்கும் மரத்தில் அறுப்பு 1 மி.மீ. சாயும். அதைவிட மோசம், இரு பக்கத் தாங்கிகளும் உயர்ந்து மரம் மேடையைத் தொடாமல் நிற்பது. பிளேடு அழுத்தும்போது மரம் நடுவில் வளையும், அறுத்த வாய் மேல்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். மெஷின் திணறும், மரம் துள்ளும், கைக்கு ஆபத்து. கொத்தனார்கள் பூச்சுக்கு வைத்திருக்கும் 6 அடி, 8 அடி அலுமினிய மட்டப் பலகையை மெஷின் மேடையில் வைத்துத் தாங்கி வரை நீட்டுங்கள். தாங்கிக்கும் பலகைக்கும் நடுவே நாலைந்து தாள்கள் நுழையும் அளவு இடைவெளி, அரை மி.மீ., இருப்பது நல்லது. ரசமட்டம் இங்கே தேவையில்லை. ஸ்டாண்டு மொத்தமும் லேசாகச் சரிந்திருந்தாலும் அறுப்பு கெடாது. மேடையும் தாங்கிகளும் ஒரே கோட்டில் இருப்பதே முக்கியம்.

இரண்டாவது ரோலர். ரோலரின் அச்சு, மரத்தைச் சாய்த்து வைக்கும் மெஷினின் பின்தடுப்புக்குச் சரியான செங்குத்தில் இல்லாவிட்டால், மரத்தைத் தள்ளும்போது அது மெல்ல முன்னே இழுத்துக்கொண்டு போகும். மரத்துக்கும் பின்தடுப்புக்கும் நடுவே முடி அளவு சந்து விழுந்தாலே 45 டிகிரி போய்விடும். மூலைமட்டத்தால் ரோலரைச் சரிபாருங்கள். எங்கள் கருத்தில் மைட்டர் சாவுக்கு ரோலரே வேண்டாம். இதில் மரம் அசையாமல் நிற்க வேண்டும், பிளேடுதான் நகர்கிறது. கனமான சட்டத்தை மேலே ஏற்றித் தள்ள மட்டும் ரோலர் உதவும். உங்கள் பீடிங் வேலைக்கு ரோலரைக் கழற்றிவிட்டு, ஓரம் மழுக்கிய வழவழப்பான மரப்பட்டையை வைத்தால் போதும்.

வளைந்த பீடிங்காக இருந்தால் புடைத்த பக்கம் பின்தடுப்பில் படும்படி வைத்து கிளாம்ப் போடுங்கள். அறுக்கும் கோட்டில் சந்து இருக்கக் கூடாது. மாற்றி வைத்தால் பிளேடைக் கவ்வும்.

ஒரே அளவில் நிறைய துண்டு அறுக்க ஸ்டாண்டின் கையில் ஸ்டாப்பர் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்டாப்பரைத் தொடும் துண்டைத்தான் கையாலோ கிளாம்பாலோ பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத துண்டு ஸ்டாப்பருக்கும் பிளேடுக்கும் நடுவே அகப்பட்டால் எகிறிப் பாயும். அறுத்து முடித்ததும் பிளேடு சுழல்வது நிற்கும் வரை தலையைக் கீழேயே வைத்திருங்கள்.

அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர், தருமபுரி

கேள்வி: யுபிவிசி, அலுமினியம் இரண்டும் செய்கிறேன். அதே ஸ்டாண்டு போதுமா?

பதில்: போதும், நீளத்தை மட்டும் பாருங்கள். யுபிவிசி புரொஃபைல் 6 மீட்டர் அளவில் வருகிறது. எடை குறைவு, சாய்க்காது, ஆனால் தொங்கும். ஒரு பக்கத்தில் தாங்கிகளுக்கு நடுவே 4 அடிக்கு மேல் இடைவெளி விடாமல், தனித் துணை ஸ்டாண்டுகளை வையுங்கள். தாங்கியின் தலையில் கார்ப்பெட் துண்டு ஒட்டினால் பவுடர் கோட்டிங் கீறாது. அலுமினியம் அறுக்க அதற்கென உள்ள பிளேடு வேண்டும், கிளாம்ப் கட்டாயம். இரும்பு அறுக்கும் 14 இஞ்ச் கட்-ஆஃப் மெஷினை மட்டும் இந்த ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள். தீப்பொறி பிளாஸ்டிக் பூட்டுகளை உருக்கும். ஸ்டாண்டின் கைகளில் தேங்கிய மரத்தூளும் பற்றிக்கொள்ளும்.

வாசகர், தேன்கனிக்கோட்டை

கேள்வி: இங்கே மனைகள் சரிவாக இருக்கின்றன. மழைக்காலத்தில் கால் மண்ணில் இறங்குகிறது. வீட்டுக்குள் போனால் கிரானைட் தரையில் வழுக்குகிறது. என்ன செய்ய?

பதில்: ஒரு காலிலாவது உயரம் திருகும் பாதம் உள்ள ஸ்டாண்டாக வாங்குங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் பட்டறையில் கால் முனையில் எம்12 நட் வெல்ட் செய்து, 4 இஞ்ச் போல்ட்டைத் திருகிவிட்டால் 2 இஞ்ச் வரை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் சரிவு இருந்தால் மண்ணைக் கொத்தி மட்டப்படுத்துவதே நல்லது. செங்கல்லை அடுக்கி அதன் மேல் காலை நிறுத்தாதீர்கள், அதிர்வில் நகரும். ஈர மண்ணில் ஒவ்வொரு காலுக்கும் கீழே 9 இஞ்சுக்கு 9 இஞ்ச் பிளைவுட் துண்டு போட்டால் இறங்காது.

கிரானைட்டுக்கு, ஊன்றுகோல் முனையில் மாட்டும் ரப்பர் புஷ் மருந்துக் கடைகளிலும் சர்ஜிக்கல் கடைகளிலும் கிடைக்கும். அது வட்டக் குழாய்க்கு ஆனது. சதுரக் கால் என்றால் முனையில் சிறு குழாய்த் துண்டு வெல்ட் செய்து மாட்டுங்கள். உள்ளே ஒரு இரும்பு வாஷர் போட்டால் டியூபின் ஓரம் ரப்பரைக் கிழிக்காது. தரையில் மரத்தூள் படிந்தால் ரப்பரும் வழுக்கும். நடுநடுவே காலடியைப் பெருக்கிவிடுங்கள்.

தச்சர், ஊத்தங்கரை

கேள்வி: பழைய ஸ்டாண்டு ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்? என் மெஷினை அதில் வைத்து ஸ்டார்ட் செய்தால் ஸ்டாண்டு கொஞ்சம் உதறுகிறது. எல்லா ஸ்டாண்டும் அப்படித்தான் என்கிறார் விற்பவர்.

பதில்: மோட்டார் கிளம்பும் நொடியில் ஒரு சிறு உதறல் இருக்கும், அதுவும் சாஃப்ட் ஸ்டார்ட் (மோட்டார் மெல்ல வேகமெடுக்கும் வசதி) இல்லாத மெஷினில் தெரியும். ஒரு நொடிக்குப் பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் அது சரியில்லை. மெஷினை இறக்கித் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் நடுங்கினால் பிளேடு வளைந்திருக்கலாம், அல்லது பிளேடைப் பிடிக்கும் ஃபிளாஞ்சில் தூள் சிக்கியிருக்கலாம். ஸ்டாண்டைக் குறை சொல்ல வேண்டாம். தரையில் அமைதியாக ஓடினால் ஸ்டாண்டில்தான் தளர்ச்சி.

ஸ்டாண்டை விரித்து, மெஷின் இல்லாமல், தண்டின் ஒரு முனையைப் பிடித்து நீளவாக்கில் ஆட்டுங்கள். எந்தக் கீலில் சத்தம் வருகிறதோ அங்கே துளை அகன்றிருக்கிறது. போல்ட் போட்ட கீல் என்றால் ஒரு சுற்றுப் பெரிய துளை போட்டுப் பெரிய போல்ட் மாட்டிச் சரிசெய்யலாம். ரிவிட் அடித்ததாக இருந்தால், சுற்றிலும் தகடு கிழியத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் வாங்க வேண்டாம். கைகளை முழுதாக இழுத்துப் பூட்டி, நுனியில் 10 கிலோ அளவு கையால் அழுத்துங்கள். பூட்டு நழுவினால் பிளாஸ்டிக் நெம்புகோல் தேய்ந்திருக்கிறது. அலுமினியத் தண்டில் மெஷின் பிராக்கெட் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அலுமினியம் வளைந்துவிட்டால் நிமிர்த்துவது நிற்காது, பிளவு விடும். பிராக்கெட் இரண்டும் கூடவே வருகிறதா என்பதைக் கடைசியில் கேளுங்கள். அவை காணாமல் போயிருந்தால் 40க்கு 5 மி.மீ. பட்டையில் செய்துகொள்ளலாம், ஆனால் அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.